மெதுவான படி

எனக்கு ஓடிப் பழக்கமில்லை, மேடம். முட்டிவலி கிடையாது, சர்க்கரையும் கிடையாது. சின்ன வயதிலிருந்தே நான் நடக்கிற ஆள். பஸ் கண்ணெதிரே கிளம்பினாலும் அடுத்தது வரும் என்று நின்றுகொள்வேன். எங்கள் வீட்டில் ஓடுகிறவள் என் மகள் மைதிலி ஒருத்திதான். ஒன்பதாவது படிக்கும்போது மாவட்டப் போட்டியில் நானூறு மீட்டருக்குக் கோப்பை வாங்கி வந்தாள். பதினொன்றாவது சேர்ந்த அன்றைக்கு அவளுடைய ஓட்ட ஷூவை எடுத்துப் பரண்மேல் போட்டது நான்தான். ஓடினால் மெடிக்கல் சீட்டு கிடைக்காது என்று சொன்னேன். 

ஆகையால் சிசிடிவியில் நான் நடந்துபோவதைப் பார்த்துவிட்டு நீங்கள் இவ்வளவு ஆச்சரியப்பட வேண்டியதில்லை. வேறு எந்த நாள் படத்தைப் போட்டாலும் அதே நடைதான் இருக்கும். போட்டுப் பாருங்கள்.

பெயர் தனபால். ஜேடர்பாளையம் பக்கம் சொந்த ஊர். காடு தோட்டத்தை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். திருச்செங்கோடு ரோட்டில் இருக்கிற அந்த ஹாஸ்டல் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். இறந்துபோன பெண் அறிவுச்செல்வி என் மாணவி. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாததை நான் வரிசையாகச் சொல்லுகிறேன். நடுவில் குறுக்கிடாமல் இருந்தால் நல்லது, கோர்வை போய்விடும். வகுப்பிலும் நான் அப்படித்தான்.

எங்கள் பள்ளியில் ஸ்டார் பேட்ச் என்று ஒன்று உண்டு. இருபது பேர். அவர்களுக்குத் தனி வகுப்பு, தனி மெஸ், வெளியூரிலிருந்து வருகிற வாத்தியார்கள். மெடிக்கல் சீட்டோடு வெளியே போகிறது பெரும்பாலும் அந்த இருபது பேர்தான். மற்ற பிள்ளைகளும் படிக்கும். படித்துவிட்டு நர்சிங்கோ பி.எஸ்ஸியோ போகும். பொங்கல் லீவு முடிந்தால் பேட்ச் இறுகிவிடும், புதிதாக யாரையும் சேர்க்க மாட்டார்கள். அதற்குள் யாராவது ஒருத்தர் நின்றுவிட்டால் அடுத்த ரேங்க் உள்ளே போகும்.

மைதிலி இருபத்தொன்றாவது ரேங்க்.

இதற்கு மேல் காரணம் சொல்ல வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் வேண்டியதில்லை. ஒரு ரேங்க், மேடம். ஒரே ஒரு ஆள். கோயிலில் சாமி கும்பிடும்போதுகூட நான் அவளுக்கு மார்க் கூட வேண்டும் என்று கேட்டதில்லை. மேலே இருக்கிற இருபதில் ஒன்று குறையட்டும் என்றுதான் கேட்டேன். யார் என்று குறிப்பிட்டுச் சொல்லவில்லை. யார்மேலும் எனக்குக் கோபம் கிடையாது.

லேப் மட்டும் எல்லாருக்கும் பொது. அங்கேயும் ரேங்க் வரிசைதான், மேஜைக்கு மூன்று பேர். கடைசி ஸ்டார் மேஜையில் ஷாலினி, அறிவுச்செல்வி, மைதிலி. ஷாலினிக்குப் பத்தொன்பது, செல்விக்கு இருபது. ரேங்க்தான் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்தது. அப்படியே மைதிலியும் செல்வியும் ஒட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வரும். என் மனைவி கையால் கம்மஞ்சோறு தின்றுவிட்டு, "ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் மோர் ஊத்துங்க" என்று தட்டை நீட்டும். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பட்டப்பெயரை என் முகத்துக்கு நேரே சொன்ன ஒரே பெண் அவள்தான். "உங்களுக்கு டோல்கேட் சார்னு பேரு, சார். நான் வைக்கல" என்றாள். சிரித்துவிட்டேன். எனக்கு அவளைப் பிடிக்கும்.

டோல்கேட் என்று ஏன் பெயர் வந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். வேதிவினையின் வேகம் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. வினைகளை வகை பிரிப்பார்கள்: பூஜ்ய வகை, முதல் வகை, இரண்டாம் வகை. பிள்ளைகள் சூத்திரத்தை உருப்போட்டுவிட்டுப் பரீட்சையில் ஒன்றுக்கு ஒன்றை மாற்றிப் போடும். நான் சூத்திரத்தில் ஆரம்பிக்கிறதில்லை. டோல்கேட்டில் ஒரே ஒரு கவுண்டர் திறந்திருக்கிறது, பின்னால் போர் போடுகிற ரிக் வண்டியும் முட்டை லாரியும் நிற்கிறது என்று ஆரம்பிப்பேன். பத்து வண்டி நின்றாலும் நூறு வண்டி நின்றாலும் கவுண்டர் ஒரே வேகத்தில்தான் விடும். எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றிக் கவலையே படாது. அது பூஜ்ய வகை. கோழிப் பண்ணையில் சித்திரை வெயிலுக்குக் கோழி சாகிறது வேறு மாதிரி. நிறைய இருக்கிற ஷெட்டில் நிறையச் சாகும், கொஞ்சம் இருக்கிற ஷெட்டில் கொஞ்சம் சாகும். இருப்பதில் ஒரு பங்கு போகும், அவ்வளவுதான். அது முதல் வகை. சந்தையில் கூட்டம் இரண்டு மடங்கானால் ஆளோடு ஆள் இடித்துக்கொள்வது நான்கு மடங்காகும். அது இரண்டாம் வகை.

நீங்கள் பி.காம். என்று சொன்னீர்கள். இருந்தாலும் இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும். முதல் வகையில் பாதி தீரும், மிச்சத்தில் பாதி தீரும், அந்த மிச்சத்தில் பாதி தீரும். போகப் போக மெதுவாகிவிடும். கணக்குப்படி கடைசிவரை ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கும். பூஜ்ய வகையில் அந்த இரக்கம் இல்லை. நேர்கோடாக இறங்கித் தரையைத் தொட்டுவிடும். ஆனால் ஆரம்பத்தில் பார்த்தால் இரண்டு கோடும் ஒன்றுபோலத்தான் தெரியும். எது எந்த வகை என்று சமன்பாட்டைப் பார்த்துச் சொல்லவே முடியாது. செய்து பார்க்க வேண்டும். மற்றதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஒப்பிட வேண்டும். வேறு வழி கிடையாது.

பிள்ளைகளையும் நான் அப்படிப் பிரித்துப் பார்ப்பேன். மைதிலி பூஜ்ய வகை. ஒரு பாடம் கொடுத்தாலும் பத்துப் பாடம் கொடுத்தாலும் அதே வேகம். திட்டினாலும் கொஞ்சினாலும் மாறாது. செல்வி முதல் வகை. சுமை கூடக்கூட வேகம் கூடும். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் ஒரு வாரத்தில் அந்தப் பெண் ஒரே மூச்சில் ஏறி வந்து மைதிலியைத் தாண்டி இருபதில் உட்கார்ந்துகொண்டது. தாண்டிய அன்றைக்கு மைதிலி வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள், "செல்வி உள்ள போயிட்டாப்பா" என்று. அவளுக்காகச் சந்தோஷப்பட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செல்விக்கு வீசிங் உண்டு. அதை நான் வேவு பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. அவளுடைய அப்பா சின்னுசாமி கெங்கவல்லியிலிருந்து வந்து சேர்த்துவிட்டுப் போன அன்றைக்கே சொன்னார். மரவள்ளிக்கிழங்கு ஒரு பை கொண்டுவந்து ஸ்டாஃப் ரூம் வாசலில் வைத்துவிட்டு நின்றார். "சின்னதுலேர்ந்து இழுப்பு இருக்குது சார். பம்ப்பு எப்பவும் கையில வெச்சிருக்கும். தூசி, பொகை மட்டும் ஆவாது. கொஞ்சம் பாத்துக்கோங்க சார்" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கிழங்கு நன்றாக இருந்தது.

வேகத்தை அளக்க நாங்கள் லேபில் செய்கிற ஒரு சோதனை உண்டு. ஒரு வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் பெருக்கல் குறி போட்டு அதன்மேல் கண்ணாடிக் குடுவையை வைப்போம். குடுவையில் ஹைப்போக் கரைசல். அதில் அமிலத்தை ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் பால் மாதிரிக் கலங்கும். கீழே இருக்கிற குறி மறைந்துபோகும். எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்க்க வேண்டும். ஹைப்போவை இரண்டு மடங்காக்கினால் இரண்டு மடங்கு வேகமாக மறையும். அமிலத்தைக் கூட்டினால் பெரிதாக ஒன்றும் மாறாது. அமிலம் இல்லாமல் வினையே இல்லை, ஆனால் வேகத்தில் அதற்குப் பங்கில்லை. நான் என்னை அந்த அமிலமாகத்தான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் இருந்தேன். வேகத்தைக் கூட்டியது நானில்லை.

அந்தச் சோதனையில் ஒரு வாயு வரும். தீக்குச்சி உரசினாற்போல நெடி. ஜன்னல் திறந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. எல்லாப் பள்ளியிலும் செய்கிறார்கள்.

முதல் முறை ஜன்னல் திறந்துதான் இருந்தது. செல்வி லேசாக இருமினாள், கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அடுத்த வாரம் அதே சோதனை, அதே கரைசல். பாதி ஜன்னலைச் சாத்தினேன். மார்கழிக் குளிர், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அன்றைக்கு அவள் பாக்கெட்டிலிருந்து பம்ப்பை எடுத்து வாயில் வைத்து அடித்துக்கொண்டாள். சாயங்காலம் சின்னுசாமி வந்து கூட்டிக்கொண்டு போனார். போய்விட்டாள் என்று நினைத்தேன், மேடம். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு மனம் நிறைந்திருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் மைதிலிக்கு முறுக்கு வாங்கினேன். கொஞ்ச நாள் ஊரில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொள்ளட்டும், அதற்குள் பொங்கல் வந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. நான் விரும்பியது அதுதான். அங்கேயே அவள் நின்றிருந்தால் நாம் இந்த ஸ்டேஷன் அறையில் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

திங்கட்கிழமை காலை அவள் முதல் பெஞ்சில் இருந்தாள். புது பம்ப், புது மாத்திரை. விட்டுப்போன பாடத்தை மைதிலிதான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். என் மகள், தன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு.

மூன்றாவது முறை எல்லா ஜன்னலையும் சாத்தினேன். செல்வி பம்ப்பை எடுத்தாள். "ரீடிங் முடியட்டும், அப்புறம் அடிச்சுக்கலாம்" என்றேன். அவள் பம்ப்பைக் கைக்குள் மூடிக்கொண்டு, கண்ணைக் குடுவையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சொன்னால் கேட்கிற பெண். நான் அவளுடைய மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போதும் என்று தலையை ஆட்டினேன். அடித்துக்கொண்டாள், சரியாகிவிட்டது. "சாரி சார்" என்று என்னிடம் சொன்னாள்.

அதே வாரம் ஸ்டாஃப் மீட்டிங். பிள்ளைகள் மாத்திரை மருந்தைக் கையில் வைத்திருப்பது ஆபத்து, ஒருத்தருடையதை இன்னொருத்தர் போட்டுக்கொள்கிறார்கள் என்று பேச்சு வந்தது. நான் கிளப்பியதுதான். பொய் ஒன்றும் இல்லை, அப்படி நடந்திருக்கிறது. ஹாஸ்டலில் ஏற்கெனவே அந்த வழக்கம் உண்டு. மருந்தெல்லாம் பெயர் ஒட்டி வார்டன் அறை அலமாரியில் இருக்கும், வேண்டும்போது போய் வாங்கிக்கொள்ள வேண்டும். பம்ப்புக்கு மட்டும் விலக்கு இருந்தது. விலக்கு எதற்கு, எல்லாருக்கும் ஒரே சட்டமாக இருக்கட்டும் என்றேன். எல்லாரும் சரியென்றார்கள். வார்டன் சௌந்திரம் அக்கா மட்டும், "பம்ப்பு அவசரத்துக்கு வேணுமல்லீங்களா சார்" என்று இழுத்தார். "லேபும் ஹாஸ்டலும் ஒரே காம்பவுண்டுதானுங்கக்கா, ஒரு ஓட்டம் ஓடுனா எடுத்தாரலாம்" என்றேன். ஓட்டம் என்ற வார்த்தையைச் சொன்னது நான்தான். அதை மறைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சௌந்திரம் அக்காவுக்கு ராசிபுரத்தில் தங்கச்சி மகள் வளைகாப்பு. போவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தார். "போயிட்டு வாங்க, சாவிய ஆபீசுல மாட்டிட்டுப் போங்க, நான் இருக்கறேனல்ல" என்று அனுப்பிவைத்தது நான். பாவம், அவரைக் கூப்பிட்டு விசாரித்து அழ வைத்திருக்கிறீர்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது.

காலையில் மைதிலியிடம் மாஸ்க் கொடுத்தேன். "சளி புடிச்சாப்புல இருக்குது சாமி, லேப்புல போட்டுக்கோ" என்றேன். "எனக்குச் சளியே இல்லீங்கப்பா" என்றாள். போட்டுக்கொள் என்றேன். துணி மாஸ்க் வாயுவைத் தடுக்காது. வேதியியல் வாத்தியாருக்கு அது தெரியாதா. தெரிந்துதான் கொடுத்தேன். ஒரு தகப்பனுக்கு மனசு கேட்காது.

மத்தியானத்துக்கு மேல் லேப். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தியிருந்தேன். எல்லா மேஜையிலும் ஒரே சமயத்தில் ஊற்றச் சொன்னேன், வழக்கத்தைவிடக் கெட்டியான கரைசல். குறிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இரண்டு மூன்று பிள்ளைகள் இருமின. செல்வி கையைத் தூக்கினாள்.

"சார், வெளிய போயிட்டு வரட்டா?"

"அடுத்த ரீடிங் முடிச்சுட்டுப் போலாம்."

அவள் உட்கார்ந்தாள். மைதிலி தன் மாஸ்க்கைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டாள். நான் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம், கழற்றாதே என்று. சொல்லவில்லை. செல்வி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. பிறகு ஸ்டூலிலிருந்து நழுவிக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

பள்ளியில் மைதிலி என்னை சார் என்றுதான் கூப்பிட வேண்டும். அது என் கண்டிஷன். அன்றைக்கு அப்பா என்று கத்தினாள். "அப்பா, பம்ப்பு வார்டன் ரூம்ல இருக்குது. நான் ஓடிப் போயி எடுத்தாரேன்."

"நீ இரு சாமி. அவளச் சாச்சுப் புடிச்சுக்கோ. நான் போறேன்."

"நான் வெரசா ஓடிருவேன்ப்பா."

"சொன்னாக் கேளு. ரூம் சாவி வாத்தியாருக்குத்தான் குடுப்பாங்க."

அவள் நின்றுவிட்டாள். செல்வியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா போயிருக்காரு, இப்பக் கொண்டாந்துருவாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். ஷாலினி உங்களிடம் சொன்னது அதுதான் அல்லவா? ஜன்னலைத் திறக்கச் சொல்ல மறந்துவிட்டேன் என்று முதல் வாக்குமூலத்தில் சொல்லியிருந்தேன். மறக்கவில்லை. பிறகு ஷாலினிதான் திறந்திருக்கிறாள்.

இனி நீங்கள் பார்த்த படம். நான் படி இறங்குகிறேன், மைதானத்தின் ஓரமாக நடக்கிறேன், ஆபீசில் சாவி வாங்குகிறேன். அலமாரியைத் திறந்து செல்வி என்று பெயர் ஒட்டிய பம்ப்பை எடுத்துச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறேன். அலமாரியைத் திரும்பப் பூட்டுகிறேன். மற்ற பிள்ளைகளின் மருந்து இருக்கிறதே, திறந்துபோட்டுவிட்டு வர முடியாது. திரும்பி வரும் வழியில், மெஸ் வாசலில் தண்ணீர் ஃபில்டர் இருக்கிறது. அங்கே நிற்கிறேன். டம்ளரை எடுத்து அலம்புகிறேன். பிடித்துக் குடிக்கிறேன். இன்னொரு டம்ளர் பிடிக்கிறேன்.

பல படிகளாக நடக்கிற வினையில் எல்லாப் படியும் வேகத்தைத் தீர்மானிக்காது. எது மெதுவோ அந்த ஒரு படிதான் மொத்தத்தையும் தீர்மானிக்கும். வாயு வேகமாக வந்தது. மூச்சு வேகமாக அடைத்தது. சாவியும் கேட்டவுடனே கிடைத்துவிட்டது. மெதுவாக இருந்தது நான் ஒருவன்தான். நான் வெறும் அமிலம், வேகத்தில் எனக்குப் பங்கில்லை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தது அந்த ஃபில்டர் முன்னால் செல்லாமல் போய்விட்டது. அது எனக்கே புரிந்தது. புரிந்துகொண்டே இரண்டாவது டம்ளரைக் குடித்தேன்.

அப்போதுதான் மைதிலி வந்தாள். செருப்பை எங்கேயோ உதறிவிட்டு, வெறுங்காலோடு, யூனிஃபார்ம் பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்தாள். என் கையில் டம்ளரைப் பார்த்தாள். பாக்கெட்டில் பம்ப் துருத்திக்கொண்டு இருந்தது.  கையை விட்டு அதை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினாள். அந்த ஓட்டத்தை நீங்கள் படத்தில் கவனித்தீர்களா, மேடம்? ஷூ இல்லை, பயிற்சி விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. இருந்தாலும் அந்தத் திருப்பத்தில் உடம்பைச் சாய்த்துத் திரும்பினாள் பாருங்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த இடத்தில் அப்படித் தோன்றியது, என்ன செய்வது.

அவள் போய்ச் சேர்ந்தபோது செல்விக்கு மூச்சு இல்லை. பம்ப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸ் வந்து விலக்குகிறவரை அழுத்தினாள்.

செல்வியைப் போலவே அவளுடைய மூச்சும் முதல் வகை என்று கணக்குப் போட்டேன், பாதி பாதியாகக் குறைந்து ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கும், நான் நடந்து போய்ச் சேர்வதற்குள் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். நேற்று முன்தினம் உங்களிடம் இப்படித்தான் சொன்னேன். ஆரம்பத்தில் இரண்டு கோடும் ஒன்றுபோலத் தெரியும் என்று சொன்னேன் இல்லையா, அதனால் தப்புக் கணக்கு, மன்னியுங்கள் என்றேன். நீங்கள், "அப்போ மூணாவது தடவை எதுக்கு சார் அந்தப் பொண்ணைக் காத்திருக்க வெச்சீங்க?" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. என் வகுப்பில் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

கோடு எங்கே போகிறது என்று பார்க்கத்தான் காத்திருக்க வைத்தேன். பார்த்துவிட்டேன். அது வளையவில்லை. நேராக இறங்கியது.

ஆகவே தெரிந்துதான் நடந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். அதற்காக என்னை ஒரு ராட்சசன் என்று நினைத்துவிட வேண்டாம். சின்னுசாமி ஆஸ்பத்திரி வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணுதான் சார் கடைசி வரைக்கும் மடியில வெச்சிருந்துச்சாம்" என்று அழுதபோது நானும் அழுதேன். அது நடிப்பில்லை. அவருடைய கை காய்த்துப்போய்ச் சொரசொரவென்று இருந்தது.

யார் உங்களிடம் வந்து அந்த சிசிடிவியைப் பார்க்கச் சொன்னது என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம். விபத்து என்று எல்லாரும் முடித்துவிட்ட பிறகு, பாக்கெட்டில் பம்ப் இருந்தது யாருக்குத் தெரியும்? எடுத்தவளுக்குத்தான் தெரியும். எதையும் ஊன்றிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். எனக்கு அவள்மேல் வருத்தம் இல்லை.

பள்ளியில் அவளை ஸ்டார் பேட்ச்சில் சேர்த்துவிட்டார்கள். சட்டப்படி அடுத்த ரேங்க். ஆனால் லேபில் அவள் பழைய இடத்திலேயே போய் உட்காருகிறாளாம், பக்கத்தில் ஒரு ஸ்டூலைக் காலியாகப் போட்டுக்கொண்டு. சின்னப் பெண், மனசு ஆற நாளாகும். ஆறிவிடும். பொங்கலுக்குப் பிறகு வரிசையாக மாடல் டெஸ்ட், துக்கப்பட அவளுக்கு நேரம் இருக்காது. டாக்டராகி ஒரு நாள் வீசிங்கோடு வருகிற ஒரு குழந்தையை அவள் காப்பாற்றுவாள், அப்போது இந்த அப்பாவை நினைத்துக்கொள்வாள். ராத்திரி படுத்தால் நான் இதைத்தான் நினைக்கிறேன். தூக்கம் வந்துவிடுகிறது.

நேற்று அவளை இங்கே வர விட்டீர்களே, அதற்கு நன்றி. என் மனைவி வாசலோடு நின்று அழுதுகொண்டிருந்தாள், உள்ளே வரவில்லை. மைதிலி மட்டும் வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். இளைத்துவிட்டாள்.

"கெமிஸ்ட்ரி டெஸ்ட் எப்படி சாமி எழுதுன?" என்று கேட்டேன்.

"எழுதலீங்கப்பா. பேர் மட்டும் எழுதிக் குடுத்துட்டேன்."

 இவ்வளவும் செய்தது எதற்கு என்று ஆகிவிட்டது. கையை நீட்டினேன். அவள் தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்" என்றாள்.

"கேளு சாமி."

ஜன்னலைக் கேட்பாள், அந்த மீட்டிங்கைக் கேட்பாள், அன்றைக்கு மட்டும் ஏன் மாஸ்க் கொடுத்தீர்கள் என்று கேட்பாள் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் அதெல்லாம் கேட்கவில்லை.

"அன்னைக்கி அவ்வளவு தாகமாப்பா உங்களுக்கு?"

"ஆமாஞ் சாமி. அந்த நெடிக்குத் தொண்டையே வறண்டு போச்சு."

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள். நான் கேட் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓடவில்லை. என்னைப் போலவே நடந்துதான் போனாள்.

என் மகளிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. அதை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள், மேடம். எனக்குத் தாகமே இல்லை.